பரிசிலும் பீங்கானும்

வீராம்பட்டினத்தை அடுத்துள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, உரோம நாட்டு மட்கலங்களால் உலகப் புகழ் பெற்றது. அங்கேயே இடைக்காலச் சீனத்துப் பச்சைப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. அவற்றை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. சீனப் பீங்கான் என்றவுடன் பேரரசர்கள் பரிசிலாக வழங்கிய கலங்களையே நம் மனம் நாடுகிறது. அந்தப் பெருமை எத்தகையது என்பதை எடைபோட்டுப் பார்ப்பது நன்று.

மிங் பேரரசின் முதல் வேந்தர் 1383-இல் சயாமுக்கும் கம்போடியாவுக்கும் தலா 19,000 பீங்கான் கலங்களை அனுப்பினார். திறை கொணர்ந்த நாடுகளுக்குச் சீன அரசவை அளித்த மறுபரிசில் அது. நம் மார்க்க வழக்கில் 'ஹதியா' என்பது அன்பின் பொருட்டு அளிப்பது. பணிவை விலையாகக் கேட்பது அன்று. அரசவைப் பரிசிலோ பணிந்தவர்க்கு உரியது. கலத்தின் வழவழப்பில் மயங்கி இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. முஸ்லிம் குடியிற் பிறந்த கடற்தளபதி செங் ஹோ, 1409 எனத் தேதியிட்ட கல்லொன்றை இலங்கைக்குக் கொணர்ந்தார். 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அது, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் எனக் காணிக்கைகளை அது அடுக்குகிறது. சீன மொழியில் புத்தரையும், தமிழில் தெனவரை நாயனாரையும், பாரசீகத்தில் இஸ்லாத்தையும் போற்றுகிறது. பெறுபவரின் மொழியிலேயே பேசிய அப்பண்பு பாராட்டுக்குரியதே. ஆயினும் 1411-இல் அதே தளபதி இலங்கையின் அழகேசுவரனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றார். கொடுத்த கையே கட்டிய கையும் ஆயிற்று.

செங்தே வேந்தர் காலத்து (1506–1521) நீலவண்ணக் கலங்கள் சிலவற்றில் அரபு, பாரசீக வாசகங்கள் உள்ளன. எழுதுகோல் தாங்கி ஒன்றில் அதன் பயனைக் குறிக்கும் 'காமாதான்' என்னும் பாரசீகச் சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. அந்த எழுத்தில் நாணற்பேனாவின் ஏற்ற இறக்கம் இல்லை. எழுதியதைவிட வரைந்தது போலவே தோன்றுகிறது. எழுத்தழகில் அது குறையே. எனினும் படைபலம் காட்டாமல் கற்றோர் மேசையில் பணிசெய்ய வந்த பொருள் என்பதால், ஆயிரக்கணக்கில் அனுப்பிய அரசப் பரிசில்களினும் அதனை உயர்வாக மதிக்கலாம்.

இனி நம் சொல்லையே பாருங்கள். 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. அரபியர் கூறும் 'ஃபின்ஜான்' அதன் உறவு. மலாய் மொழியிலும் தட்டுக்குப் 'பிங்கான்' என்றே பெயர். பொருள் சீனத்தது, பெயரோ மேற்கடலினது. இப்பெயரைத் துறைதோறும் பரப்பியவர்கள் வேந்தரின் தூதர் அல்லர். விலை பேசி வாங்கி விற்ற வணிகரும் மாலுமிகளுமே. அரிக்கமேட்டுச் சில்லுகளில் அரச முத்திரையைத் தேட வேண்டியதில்லை. கடலோர மக்களின் கொடுக்கல் வாங்கலுக்கு அவை சான்று. பழங்கலம் வைத்திருக்கும் வீட்டார் அதனைப் பழைய பொருள் வணிகருக்குத் தள்ளிவிடுமுன், இதனை ஒருகணம் எண்ணுவார்களாக!