முகப்புத் திரை அலங்காரம்: பாணிகளும் அளவுகோல்களும்

கணினியின் முகப்புத் திரையைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் கலைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1984இல் வந்த முதல் மேக்கின்டோஷிலேயே கடிகாரம், கால்குலேட்டர், புதிர் விளையாட்டு எனச் சிறு கருவிகள் இருந்தன. கணினியின் இயக்கத்தை அளந்து காட்டும் அளவிகள் உட்பட, அதன் பிறகு வளர்ந்தவற்றுள் மூன்று பாணிகள் தனித்து நிற்கின்றன.

முதலாவது, யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் பாணி. சிக்கனமே இதன் இலக்கணம். விண்டோ மேக்கர் என்ற சாளர மேலாளரில் ஒரு சிறு நிரலுக்குக் கிடைப்பது 64க்கு 64 பிக்ஸல் சதுரம் மட்டுமே. சிபியு வரைபடமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். சிபியு, வட்டு, நெட்வொர்க் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல் ஓட்டாமல், எல்லாவற்றையும் ஒரே நிரலில் அடுக்கியது ஜிகிரெல்எம். 2005இல் டோர்ஸ்மோ என்ற நிரலிலிருந்து கிளைத்த கோங்கி, பொத்தான் எதுவும் வேண்டாமென்று வால்பேப்பர் மேலேயே எண்களை எழுதிக் காட்டியது.

இரண்டாவது, விண்டோஸில் 2001இல் தொடங்கிய ரெயின்மீட்டர் பாணி. கிம்மோ பெக்கோலா எழுதிய இந்த நிரலின் அழகு அதன் கட்டமைப்பில் இருக்கிறது. தகவலை அளந்து எடுப்பது ‘மெஷர்’, அதைத் திரையில் காட்டுவது ‘மீட்டர்’. இரண்டும் தனித்தனி என்பதால், ஒரே சிபியு அளவை ஒருவர் வட்டமாக வரையலாம், இன்னொருவர் வெறும் எண்ணாகக் காட்டலாம். இவற்றையெல்லாம் விவரிக்கும் ‘ஸ்கின்’ என்பது சாதாரண உரைக் கோப்பு. நோட்பேடில் திறந்து திருத்தலாம்.

மூன்றாவது விட்ஜெட் பாணி. 2003இல் கான்ஃபாபுலேட்டர் வழிகாட்டியது. 2005இல் ஆப்பிளின் டாஷ்போர்டும், அடுத்து விண்டோஸ் விஸ்டாவின் கேட்ஜெட்களும் வந்தன. பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும் இவை நிலைக்கவில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாக, கேட்ஜெட்களை முடக்கிவிடும்படி 2012இல் மைக்ரோசாஃப்ட்டே அறிவுறுத்தியது. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் டாஷ்போர்டும் மறைந்தது. திரையையே விட்ஜெட்களால் கட்டிய, லினக்ஸின் கேடிஇ பிளாஸ்மாவோ 2008 முதல் இன்றுவரை செழித்து நிற்கிறது.

எந்தப் பாணியானாலும் தரத்தை அளக்கும் கோல்கள் மூன்று.

முதல் கோல் உண்மை. லினக்ஸில் ‘மெம்ஃப்ரீ’ என்ற எண்ணை மட்டும் காட்டினால், நினைவகம் தீர்ந்துவிட்டதுபோலத் தோன்றும். சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்வதே காரணம். தேவைப்பட்டால் அதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிடும். அதையும் கணக்கில் கொள்ளும் ‘மெம்அவெய்லபிள்’ 2014இல் கெர்னலிலேயே சேர்ந்தது. காட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இரண்டாவது கோல் சிக்கனம். ரெயின்மீட்டரின் இயல்பான புதுப்பிப்பு ஆயிரம் மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடி. சிபியுவுக்கு அது சரி. வட்டில் எவ்வளவு இடம் மீதி என்பதை நொடிக்கு நொடி கேட்பது வீண். நிமிடத்துக்கு ஒரு முறை போதும். சுமையை அளக்க வந்த கருவி தானே சுமையாகிவிடக் கூடாது.

மூன்றாவது கோல் பார்வை. ஒரு கணம் பார்த்ததும் செய்தி புரிய வேண்டும். பத்து வட்டங்கள் சுழலும் திரையைவிட, தெளிவாகத் தெரியும் மூன்று எண்கள் மேல்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்தவர் செய்த ஸ்கின்னை நிறுவுவதோடு நின்றுவிடாதீர்கள். அதன் கோப்பைத் திறந்து, எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று படியுங்கள். கூடவே வரும் செருகுநிரல்கள் நம்பத்தக்கவையா என்றும் பாருங்கள். பிறகு ஒரே ஒரு அளவியை நீங்களே எழுதுங்கள். உங்கள் கணினி எப்படி இயங்குகிறது என்பதை அந்தச் சிறு வேலை கற்றுத்தரும்.