போர்க்கால மரணக் குறிப்புக்களும் குடும்ப வரலாறும்

முதலாம் உலகப் போரில் இறந்த பிரித்தானியப் போர்வீரன் ஒருவனின் வரலாற்றை அவன் குடும்பத்தார் எழுதப் புகுமிடத்து, முதலில் எதிர்ப்படுவது வெறுமையே. அப்போரிற் பணியாற்றிய படைவீரரின் சேவைப் பதிவேடுகள் இலண்டனில் ஒரு களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1940 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மன் குண்டுவீச்சினால் அது தீக்கிரையாயிற்று. பாதிக்கு மேற்பட்ட பதிவேடுகள் அழிந்தொழிந்தன. ஒரு போரின் ஏடுகளை அடுத்த போர் எரித்துவிட்டது. ஆகவே, ஊர்ப் பத்திரிகையில் அந்நாளில் வெளிவந்த சிறு மரணக் குறிப்பே இன்று பலர்க்குப் பெருஞ் சான்றாக நிற்கின்றது. அச்சான்றை எவ்வளவு நம்பலாம்?

அக்குறிப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி வரும். சாதாரண வீரன் இறந்தால் அச்சிட்ட படிவம் ஒன்று தபாலில் வரும். பெயரும் இலக்கமும் நாளும் மாத்திரம் அதிற் கையால் நிரப்பப்பட்டிருக்கும். பின்னர்ப் படையதிகாரியோ குருவானவரோ தோழனோ எழுதிய அனுதாபக் கடிதம் வந்து சேரும். தாயோ மனைவியோ அக்கடிதத்தையும் ஒரு நிழற்படத்தையும் பத்திரிகை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வாள். ஆசிரியர் இவற்றைக்கொண்டு பத்துப் பதினைந்து வரி எழுதுவார். ஆதலின், வீடு கூறியதும் போர்முனை கூறியதும் ஒரே குறிப்பிற் கலந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்தறியாது முழுவதையும் ஒரே தரத்ததாகக் கொள்வதே குடும்ப வரலாறு எழுதுவோர் பலரின் பிழை.

காட்சி, கருதல், உரை என அளவை நூலார் வகுத்தனர். உரையை ஏற்பதற்கு, உரைத்தவர் அதனை அறியத்தக்க நிலையில் இருந்தாரா என்று கேட்டல் முறையாகும். மகன் பிறந்த தெரு, கற்ற பாடசாலை, வேலை செய்த ஆலை, படையிற் சேர்ந்த ஏனைய சகோதரர் ஆகியவற்றைத் தாய் நேரில் அறிவாள். நம்மவரின் மரண அறிவித்தல்களில் மகன், மருமகன், மைத்துனன் என உறவுமுறை நிரல்படுவதுபோல, அங்கும் இப்பகுதியே குடும்ப வரலாற்றுக்கு உயிர்நாடி. வயது விடயத்திலும் அவள் சொல்லையே முற்படக் கொள்ளலாம். கடல் கடந்து போரிடுவதற்குரிய வயது 19 ஆக இருக்க, அதற்குக் குறைந்த சிறுவர் பலர் பொய் வயது கூறிப் படையிற் சேர்ந்தனர். பிறப்புப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும்.

ஆனால், மகன் எவ்வாறு இறந்தான் என்பதைத் தாய் கண்டவளல்லள். "உடனே உயிர் நீங்கிற்று, நோவறியவில்லை, யாவர்க்கும் இனியவனாயிருந்தான்" என்ற பொருள்பட அமைந்த கூற்றுக்கள் குறிப்புக்குக் குறிப்பு மீண்டும் மீண்டும் வருகின்றன. எல்லோரும் நோவறியாது இறந்திருத்தல் இயலுமோ? அக்கடிதத்தை எழுதியவர்களை நான் குறைகூறேன். இருபது வயது கடந்திராத அதிகாரியொருவன் ஒரே இரவில் எத்தனையோ தாய்மார்க்கு எழுத வேண்டியிருந்தது. எனினும், அவ்வாக்கியத்தைப் பேரன் தன் நூலில் நிகழ்ச்சியாக எழுதுதல் ஒவ்வாது. தாய்க்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது இதுவெனக் குறித்து, கடிதத்தை உள்ளவாறே படியெடுத்து வைப்பதே நேர்மை. இறந்த நாளில் அப்படையணி எங்கே நின்றது, எறிகணை வீச்சுக்கு உட்பட்டதா என்பதற்குக் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துப் போர்நாட்குறிப்புக்களே தக்கவை. அவற்றிற் சாதாரண வீரரின் பெயர் அரிதாகவே வரும்.

நாளும் மயக்கந் தருவது. 1916 யூலை 1 ஆந் திகதி சோம் போர்முனையில் பிரித்தானியப் படையில் 19,240 பேர் மாண்டனர். லங்காஷயரின் அக்கிறிங்ரன் நகரைச் சூழ்ந்த ஊர்களில் திரட்டப்பட்ட படையணியில் ஏறத்தாழ 700 பேர் முன்சென்றனர். 584 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் வீழ்ந்தனர். காணாமற்போனவர் இறந்தாரெனக் கொள்ளப் பல மாதங்கள் சென்றன. ஆதலின் அவர்தம் குறிப்பு 1917 ஆம் ஆண்டுப் பத்திரிகையிலும் இருக்கக்கூடும். யூலை மாத இதழ்களை மட்டும் புரட்டிவிட்டு "குறிப்பில்லை" என முடிவு செய்வது அவசரமாகும்.

இன்று அப்பத்திரிகைகள் பல கணினியிற் கிடைக்கின்றன. பெயரைத் தட்டினால் துண்டு வந்து நிற்கும், யாழ்ப்பாணத்திலிருந்தும் காணலாம். வசதி பெரிதே. ஆயினும், மங்கிய அச்சைப் பொறி பிழைபட வாசிப்பதாற் பெயர் தப்பிவிடுவதுண்டு. அதனினும் பெருங்குறை, பக்கத்தை விட்டுத் துண்டை மாத்திரம் படிப்பது. அதே பக்கத்துக் குறிப்புக்கள் பத்தையும் ஒருங்கு படித்தால், எல்லாவற்றிலும் வரும் வாக்கியம் அக்கால வழக்குக்குரியது என்பதும், ஒன்றில் மாத்திரம் வருவது அம்மனிதனுக்குரியது என்பதும் புலனாகும். புறா வளர்த்தான் என்றொரு வரி இருப்பின், வீரம் பற்றிய ஐந்து வரிகளிலும் அது பெறுமதி மிக்கது.

சொல்லாது விடப்பட்டவையும் உள. மணமாகாது உடன் வாழ்ந்தவளும் அவள் பிள்ளையும் குறிப்பில் இடம்பெறாமற் போதல் கூடும். மாற்றாந்தாய் "தாய்" என்றே வரலாம். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பினாற் சுடப்பட்டு, 2006 ஆம் ஆண்டில் மன்னிப்பளிக்கப்பட்ட 306 பேரின் வீட்டாரிடம், பத்திரிகைக்குக் கொண்டுசெல்லத்தக்க கடிதம் எது இருந்திருக்கும்?

மரணக் குறிப்போடு தேடலை நிறுத்திவிடுவோர் ஆண்டு நினைவு விளம்பரங்களை இழக்கின்றனர். செய்யுள் பெரும்பாலும் இரவற் செய்யுளே. அதனைக் கடந்து கீழுள்ள பெயர்களைப் பார்க்க வேண்டும். விவாகமான சகோதரியரின் புதுப்பெயர், மாறிய முகவரி, பிறநாடு சென்ற தம்பி யாவும் அங்கே கிடைக்கும். ஆண்டுதோறும் கையொப்பமிட்ட தாயின் பெயர் ஓராண்டில் நீங்கி, சகோதரியர் பெயர் மாத்திரம் வருமாயின், அதற்கு முந்திய பன்னிரண்டு மாத மரணப் பதிவேட்டில் அவளைத் தேடலாம்.