நூல்மேல் வேகும் இட்லி

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி. அங்கே மன்னத்துப் பகவதி கோவிலை ஒட்டி ஒரு சின்னக் கடை, சரஸ்வதி டீ ஸ்டால். பலகையில் டீ என்று இருக்கிறது. ஜனம் வருவது இட்லிக்கு.

இலையில் வைத்ததும் இது இட்லியா, குட்டித் தோசையா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். குழியில் ஊற்றிய இட்லிக்குள்ள உப்பல் இல்லை. தட்டையான வட்டம், ஓரம் மெலிந்து நடு சற்றே தடித்தது. புரட்டினால் அடிப்பக்கத்தில் துணியின் இழைத்தடம். வாயில் வைப்பதற்கு முன்பே எனக்குப் பிடித்துப்போவது இந்தத் தடம்தான்.

காரணம் இருக்கிறது. இதை அவிப்பவர்கள் நெசவுக் குடும்பங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார்கள் என்பது அவர்கள் வீட்டு வழக்கு. வந்த வழி கணவாய் வழி. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த அந்த வாசலில் தமிழும் மலையாளமும் எப்போதும் போய் வந்துகொண்டிருந்தன. பாலக்காடே 1956 வரை சென்னையோடு சேர்ந்த மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. தறி சோறு போடாமல் போனபோது வீட்டுப் பெண்கள் இட்லி அவித்து, கூடையில் வைத்துச் சுற்று ஊர்களில் விற்றார்கள். தறியை விட்டாலும் நூலையும் துணியையும் அவர்கள் விடவில்லை. இரண்டும் அடுப்புக்கு இடம் மாறின, அவ்வளவுதான்.

அடுப்பில் தண்ணீர்ப் பானை. அதன் வாயில் பொருந்தும்படி ஒரு மண் வளையம்; வளையத்தின் குறுக்கே பாவும் ஊடையும் போல நூல் கட்டி வலையாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஈரத்துணி, துணிமேல் மாவு. இப்படி மூன்று நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பானையைக் கவிழ்த்து மூடுகிறார்கள். தாங்குவது நூல் மட்டும் என்பதால் ஆவி அடிப்பக்கம் முழுவதும் ஏறுகிறது. உலோகப் பாத்திரமாக இருந்தால் ஆவி குளிர்ந்து மூடியிலிருந்து மாவில் சொட்டும். மண் அந்த ஈரத்தைக் குடித்துவிடுகிறது. அதனால் இட்லி வெந்தும் சொதசொதக்காமல் நிற்கிறது. விறகு புளிய விறகு, நின்று எரியும். மாவுக்கு அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம். முன்பு கழமா, தவளக்கண்ணன் என்று உள்ளூர் நெல்லின் அரிசி; இப்போது பொன்னி. இந்த மாற்றம் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு பலகாரத்தில் எந்தச் சின்ன விஷயம் உயிர்நிலை என்பதற்கு வியன்னாவில் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். 1876-இல் தொடங்கிய சாஹர் ஹோட்டலுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு சாக்லேட் கேக். ஹோட்டலைத் தொடங்கியவரின் தந்தை ஃப்ரான்ஸ் சாஹர் 1832-இல் செய்தது என்பார்கள். அந்த ஹோட்டலும் டெமல் என்ற பழைய பலகாரக் கடையும் ‘அசல்’ பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1963-இல்தான் ஓய்ந்தன. ஆப்ரிகாட் ஜாம் நடுவிலும் வர வேண்டுமா, மேல்பூச்சுக்கு அடியில் மட்டும் போதுமா என்பதும் அந்த வழக்கில் ஒரு பேச்சு. கேட்கச் சிரிப்பு வரும். ஆனாலும் ஜாம் இடம் மாறினால் பண்டமே மாறிவிடும் என்று நினைத்தவர்களை என்னால் கேலி செய்ய முடியவில்லை. நகரத்து ஹோட்டல்கள் சிலவற்றிலும் இப்போது ‘ராமசேரி இட்லி’ உண்டு. மாவைத் தட்டையாக ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது, வியன்னாக்காரர்களின் பிடிவாதம் கொஞ்சம் இங்கேயும் இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஊரில் இதை அவிக்கும் வீடுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இந்த இட்லி சில நாள் கெடாது என்பதும் அதன் பேர். வெளியூர்ப் பயணத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனாலும் சூட்டோடு சாப்பிடுவதே நியாயம். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி, குழைக்கத் தேங்காய் எண்ணெய். வாளையாற்றுக்கு இந்தப் பக்கத்து நாக்குக்கு நல்லெண்ணெய் இல்லாத பொடி முதல் வாய்க்கு உறுத்தும். இரண்டாவது இட்லியில் சமாதானமாகிவிடும். சாம்பாரும் சட்னியும் தருவார்கள். நான் அவற்றை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொரு கரண்டி பொடி கேட்பேன்.