மைல் கணக்கும் மளிகைக் கணக்கும்

கிரெடிட் கார்டு பாயின்ட்டை வைத்து விமானம் ஏறுவது எப்படி என்று கற்றுக்கொள்ள உட்காருபவருக்கு முதல் பாடமே வகுத்தல் கணக்குதான். ஒரு பாயின்ட்டை கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் 20 அல்லது 30 காசு. வங்கியின் சொந்தத் தளத்தில் டிக்கெட் எடுத்தால், கார்டைப் பொறுத்து 50 காசிலிருந்து ஒரு ரூபாய் வரை. அதையே விமான நிறுவனத்தின் மைலாக மாற்றி, வெளிநாட்டுக்கு பிசினஸ் கிளாஸ் இருக்கை பிடித்தால் இரண்டு ரூபாய்! மூன்று லட்ச ரூபாய் டிக்கெட்டை ஒன்றரை லட்சம் மைலுக்கு வாங்கினால் அப்படித்தான் விடை வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பயணி கைக்காசு மூன்று லட்சத்தைப் போட்டு அந்த டிக்கெட்டை என்றைக்காவது வாங்கியிருப்பாரா? எகானமியில் 50,000 ரூபாய் கொடுத்துப் போயிருப்பார். அல்லது போகாமலே இருந்திருப்பார். அவருக்கு உண்மையில் மிச்சமானது 50,000. அதை ஒன்றரை லட்சம் மைலால் வகுத்தால் மைலுக்கு 33 காசு. பில்லில் கழித்திருந்தாலும் ஏறத்தாழ அதுதான் கிடைத்திருக்கும். போதாததற்கு, ‘இலவச’ டிக்கெட்டுக்கும் வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும்.

முழங்கால் வலியுள்ள அம்மாவைப் படுக்கவைத்தே கூட்டிப்போக முடிந்தது என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டுதான். அந்த மதிப்பு எவ்வளவு என்பதை அந்தக் குடும்பம் தீர்மானிக்க வேண்டுமே தவிர, விமான நிறுவனம் ஒட்டிய விலைச்சீட்டு அல்ல.

இதனால் பாயின்ட் வித்தையே பொய் என்று தள்ளிவிட முடியாது. அது மெய்யாகவே கைகொடுக்கும் இடங்கள் உண்டு. விளம்பரங்கள் காட்டும் இடங்கள் அல்ல அவை. ஊரில் அப்பா தவறிவிட்டார் என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு நள்ளிரவில் போன் வருகிறது. மறுநாள் டிக்கெட்டின் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் போல, எந்தப் பகுதிக்கு எத்தனை மைல் என்று அட்டவணை வைத்திருக்கும் திட்டங்களில், அந்த அட்டவணை விலைக்கு ஓர் இருக்கை மிச்சமிருந்தால் போதும். ஆறு மாதம் முன்பு பதிவு செய்தவர் கொடுத்த அதே மைலைக் கொடுத்து ஏறிவிடலாம். ஒரு நிறுவனத்தின் மைலைக் கொண்டு அதன் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் பறக்கவும் வழியிருக்கிறது. 2014 ஜூலையில் ஏர் இந்தியா, ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்த பிறகு அந்த வாசல் நமக்கும் திறந்தது. இன்னொன்று: இந்த வித்தையைப் பழகுபவர் பில் தேதி எது, கெடு தேதி எது, வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாக எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதையெல்லாம் வேறு வழியின்றிப் படித்துவிடுகிறார். பத்து வருடம் கார்டு வைத்திருந்தும் இவற்றைப் பார்க்காதவர்கள் ஏராளம்.

சிக்கல், பாயின்ட் என்பது யாருடைய பணம் என்பதில் இருக்கிறது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது அது அடிக்கடி பறப்பவரைக் கையை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளும் உபாயம். பிறகு விமான நிறுவனங்கள் மைலை மொத்த விலைக்கு வங்கிகளுக்கு விற்கத் தொடங்கின. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அவ்வளவு பெறுமானமுள்ள சரக்கை அச்சடிப்பவர், அதன் விலையையும் தானே எழுதுகிறார்.

எழுதிய விலையை அழித்து மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு நல்ல சாட்சி. மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் வழக்கமான 6,000 பாயின்ட்டோடு இன்னும் 25,000 கிடைத்தது. ஐந்து பாயின்ட்டுக்கு நான்கு மைல் என்ற விகிதத்தில் அது 24,800 மைல். 2023 ஜூலை இறுதியில் அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 1 முதல் 25,000 போனஸ் இல்லை. ஐந்து பாயின்ட்டுக்கு இரண்டே மைல். அதே ஒரு லட்சம் செலவுக்கு அதன் பிறகு 2,400 மைல். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்டுக் கட்டணமோ 10,000-லிருந்து 12,500 ரூபாயாக உயர்ந்தது. வங்கி இதில் சட்டத்தை மீறவில்லை. விதிமுறைத் தாளில் மாற்றும் உரிமை எப்போதும் எழுதப்பட்டே இருக்கிறது. அந்த ஒரு லட்சத்தை எட்டுவதற்காகவே தேவையற்ற செலவுகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐரோப்பியப் பயணத்துக்காகப் பாயின்ட்டைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி. பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது, காப்பீடு கிடையாது. சேர்த்து வைக்க வைக்கத் தேயும் சேமிப்பு அது.

‘செலவை இழுத்துப் போட்டுக்கொள்வது’ என்பதுதான் புதிதாகக் கற்பவரை விழவைக்கும் இடம். மாதம் 40,000 ரூபாய் கார்டில் போகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் பலன் என்றால் மாதம் 400 ரூபாய். இழுத்துப் போட்ட செலவால் ஒரே ஒரு மாதம் பில்லைக் கட்டாமல் தள்ளிப்போட்டால், மாதம் 3.5 சதவீத வட்டிக்கு 1,400, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252 என்று 1,652 ரூபாய் போய்விடும். நான்கு மாதப் பலன் காலி. தாமதக் கட்டணம் தனி. பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த வட்டியை ஆண்டுக்கு 30 சதவீதத்துக்குள் நிறுத்த 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் முயன்றது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு பாயின்ட் சேர்ப்பவர், தான் ஏறாத விமானத்துக்கு டிக்கெட் பணம் கட்டுகிறார்.

யார் ஏறுகிறார்கள்? அமெரிக்கக் கார்டுக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கணக்குத் தெரியாமல் கார்டு தேய்ப்பவர்களிடமிருந்து தெரிந்தவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் கைமாறுவதாக மதிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல், கடைக்காரரின் வங்கி கார்டு வங்கிக்குக் கொடுக்கும் கிரெடிட் கார்டு பரிமாற்றக் கட்டணத்துக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்ததும் அங்கே பாயின்ட்டுகள் மெலிந்தன. பணம் எந்தக் குழாயில் வந்துகொண்டிருந்தது என்பது அப்போது தெரிந்தது. நம் ஊரில் அந்தக் குழாயைப் பார்க்க ஆய்வறிக்கை தேவையில்லை. “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்து வரும் சார், ஜிபே பண்ணிடுங்க” என்று கடைக்காரரே சொல்லிவிடுகிறார். கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ பணத்துக்கு 2020 முதல் அவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கிரெடிட் கார்டுக்குப் பிடிக்கிறார்கள். அந்த இரண்டு சதவீதத்தைக் கொடுத்து ஒரு சதவீதப் பாயின்ட்டை வாங்குபவரையும் பார்க்கத்தான் செய்கிறோம்.

தமிழ்நாட்டுக் குடும்பத்தின் பயணத்துக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பொருந்தும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மைலுக்கு மதிப்பு கூடுவது, தேதியை முன்பின் நகர்த்த முடிந்த ஒற்றைப் பயணிக்கு. நம்மவர்கள் புறப்படுவதோ பள்ளி விடுமுறையில், நான்கு பேராக, ஒரே விமானத்தில். மே மாதத்திலும் தீபாவளிக்கும் மைல் இருக்கைகள் நான்கு சேர்ந்தாற்போல் அமைவது அபூர்வம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவது ஸ்கூட், ஏர் ஏசியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற மலிவுக் கட்டண விமானங்களில். விலை குறைந்த டிக்கெட்டுக்கு மைலைச் செலவழித்தால் மைலும் மலிந்துபோகும். (லவுஞ்ச் சலுகையைச் சேர்க்கவில்லையே என்பார்கள். பல கார்டுகளில் இப்போது அதற்கும் காலாண்டுச் செலவு நிபந்தனை வந்துவிட்டது. நிபந்தனையை நிறைவேற்றினால் உள்ளே இட்லிக்கு வரிசை.) வருடம் முழுக்க சென்னைக்கும் நெல்லைக்கும் ஏசி பெட்டியில் போய்வருபவருக்கு, பாயின்ட்டை ரயில் டிக்கெட்டாகவே மாற்றித்தரும் ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டு அலங்காரமில்லாத, ஆனால் பொருத்தமான தொடக்கம்.

அப்படியும் மைல் பக்கம் போக விரும்புகிறவர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. கார்டை வாங்கி, பாயின்ட்டைக் குவித்து, பிறகு எங்கே போகலாம் என்று யோசிப்பதுதான் வங்கி விரும்பும் வரிசை. போகவேண்டிய ஊர் முதலில், அங்கே பறக்கும் நிறுவனம் அடுத்து, அதன் மைலாக மாறும் பாயின்ட் எந்தக் கார்டில் என்பது கடைசியில். ஏற்கெனவே செய்யும் மளிகை, மருந்து, பள்ளிக் கட்டணச் செலவுக்குள் அந்த மைல் இரண்டு வருடத்தில் சேராது என்றால் அந்தக் கார்டு வேண்டாம். பாயின்ட்டை முன்கூட்டியே மைலாக்கி வைப்பதும் வேண்டாம். மாற்றியதைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது, கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். இருக்கை இருப்பதைப் பார்த்துவிட்டு மாற்றினாலும் மைல் போய்ச்சேரச் சில நாட்கள் ஆகலாம். அதற்குள் இருக்கையை வேறொருவர் எடுத்துவிட்டால் வங்கியும் பொறுப்பேற்காது, விமான நிறுவனமும் பொறுப்பேற்காது.