ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்று

நியூசிலாந்தின் 1935 வைதாங்கி கிரௌன் காசைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன்! வெலிங்டனில் ஒரு மூத்த சேகரிப்பாளர், "விளிம்பை மட்டும் பிடிங்க" என்று சொல்லித் தந்தார். படங்களில் பார்த்துப் பார்த்துச் சலித்த காசுதான். நேரில், அடேயப்பா!

மொத்தமே அடித்தது 1,128. அந்த நாட்டுக்கெனத் தனிக் காசுகள் வந்ததே 1933இல்தான். வைதாங்கியில் மாவோரித் தலைவர்களும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை கையெழுத்தான இடத்தை கவர்னர் ஜெனரல் பிளெடிஸ்லோ பிரபு 1932இல் வாங்கி மக்களுக்குக் கொடுத்ததும், அது கையெழுத்தான நாளான 1840 பிப்ரவரி 6 மறுபடி பேச்சானது. அந்தப் பேச்சின் பிள்ளைதான் இந்தக் காசு.

ஜேம்ஸ் பெர்ரி வரைந்ததை லண்டனில் பெர்சி மெட்காஃப் செதுக்கிச் சீராக்கினார். மாவோரித் தலைவர் தாமதி வாக்கா நேனேயும் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்ட கேப்டன் ஹாப்சனும் கைகுலுக்குகிறார்கள். மேலே கிரீடம், கீழே ஊர்ப்பெயர். அவ்வளவுதான்! நான்கு சென்டிமீட்டர்கூட இல்லாத வட்டத்தில் இரண்டு முழு உருவங்களை நிறுத்தியும் நெரிசல் தெரியவில்லை. கண் நேரே அந்தக் கைகளுக்குத்தான் போகிறது. ஹாப்சன் கடற்படைச் சீருடையில் மிடுக்காக நிற்கிறார். உண்மையில் அன்று அவர் வந்தது சாதாரண உடையில், தொப்பி மட்டும்தான் கடற்படையுடையது! சிற்பியின் இந்தச் சின்னப் பொய்யை நான் மன்னித்துவிட்டேன்.

பூவுக்கு மறுபக்கம் தலை. அங்கே ஐந்தாம் ஜார்ஜ், 'அரசர், பேரரசர்' என்ற பட்டத்தோடு. அந்தப் 'பேரரசர்' நம் இந்தியாவை வைத்து வந்தது.

அதே 1935இல் அதே மெட்காஃப், ஐந்தாம் ஜார்ஜ் ஆட்சியின் வெள்ளிவிழாவுக்கான பிரிட்டனின் கிரௌனையும் செய்தார். அதில் இருக்கும் குதிரை மரப்பொம்மைபோல விறைத்து நிற்க, 'ஆடுகுதிரை கிரௌன்' என்றே பெயராகிவிட்டது. அது ஏழு லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், மெட்காஃபின் உச்சம் வைதாங்கிதான். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்!

வைதாங்கி கிரௌனின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெர்ரியின் கைவண்ணம் போதும் என்பவர்கள், ஆறாம் ஜார்ஜின் வருகைக்காக அவர் வடிவமைத்த 1949 கிரௌனிலிருந்து தொடங்கலாம். அரசர் உடல்நலமின்றி வரவே இல்லை. காசு மட்டும் இரண்டு லட்சம் வந்துவிட்டது. பாதி வெள்ளியாலான அந்தக் காசு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.