உருளையும் லயமும்

வத்தேகமயில் கோச்சி ஏறிக் கண்டிக்குப் போகிறவர்கள் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கிறார்கள். மாத்தளை வரை இந்தப் பாதை 1880இல் போடப்பட்டது. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். வந்தது கோப்பிக்காக. கோப்பியை இலை நோய் அழித்ததும் அதே தண்டவாளம் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. சுற்றுலா வருபவர்களுக்குக் கண்டி என்றால் தலதா மாளிகை, பெரஹரா, பேராதனைப் பூங்கா. ஆற்றைச் சுற்றியுள்ள மலைகளையே ஒரு தொழிற்சாலையாக மாற்றிய அந்தக் காலத்தைப் பார்க்க எங்கே போவது என்று வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் என்னிடம் கேட்பார்கள். இரண்டு நூதனசாலைகள் இருக்கின்றன. ஒன்று ஹந்தானையில், மற்றது கம்பளைக்கு அருகே பாரதெக்கவில்.

ஹந்தானைத் தொழிற்சாலை 1925இல் கட்டப்பட்டது. மூடிக் கிடந்த கட்டடத்தைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து மீட்டு, 2001 டிசம்பரில் நூதனசாலையாகத் திறந்தன. இதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். மூடப்பட்ட ஸ்டோர்களின், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளின், இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போவதுதான் மலையகத்தில் வழக்கம். கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தொழிற்சாலை ஆடம்பர ஹோட்டலாகிவிட்டது. ஹந்தானையிலோ இயந்திரங்கள் இயந்திரங்களாகவே நிற்கின்றன.

அங்கே உருளை இயந்திரத்தின் முன்னால் நான் எப்போதும் நெடுநேரம் நின்றுவிடுவேன். கீழே வட்ட மேசை, அதில் பிறை வடிவில் புடைத்த பட்டைகள், மேலே கொழுந்தைக் கொட்டும் பெட்டி. வாடிய கொழுந்தைப் பெட்டி அழுத்திச் சுழற்ற, அது பட்டைகளில் மோதி முறுகி, சாறு கசியும். அந்தச் சாற்றில் காற்றுப் பட்டால்தான் பச்சை செம்பு நிறமாகும், மணம் பிறக்கும். தேயிலை எப்படி ஆகிறது என்பதை விளக்குவதில் இந்த இடத்துக்குக் குறை சொல்ல முடியாது.

யார் ஆக்கினார்கள் என்று கேட்டால்தான் சிக்கல். மேல்தளத்தில் ஜேம்ஸ் டெய்லரும் தோமஸ் லிப்டனும் பெயரோடும் பொருட்களோடும் இருக்கிறார்கள். டெய்லர் இருக்க வேண்டியவர்தான். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் அவர். ஆனால் அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், கொழுந்து பறித்தவர்கள்? இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் முப்பாட்டன்மார் இந்தக் கதையில் ஓரத்தில் நிற்கும் கூட்டமாகத்தான் வருகிறார்கள். மூன்றாம் மாடிக்குப் போனால் தேயிலைக் கடை. வருபவர்கள் ஒரு பொதி வாங்கிக்கொண்டு, மேலே ஒரு கோப்பை குடித்துவிட்டு, கண்ணாடி வழியே மலையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். மலை அழகாகத்தான் இருக்கிறது.

பாரதெக்கவில் இருப்பது வேறு வகை. ஓல்ட் பீகொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை. கட்டடமே ஒரு லயம், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு. தொழிலாளர் பாவித்த வேலைக் கருவிகள், வீட்டுச் சாமான், நகை, வாத்தியம், பழைய ஆவணங்கள். லயத்து அறை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்குச் சொல்வார்கள். கணக்காகக் கேட்பது வேறு. நடுவில் நின்று, இங்கேதான் சமையல், இங்கேதான் பிள்ளைப்பேறு, இங்கேதான் இழவு என்று எண்ணிப் பார்ப்பது வேறு. 1948இல் இந்த மக்களின் குடியுரிமை பறிபோனதும், 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டதும், பாதிக் குடும்பம் ஏறிப்போன ஒப்பாரிக் கோச்சியும் இந்த அளவு அறைக்குள் நடந்தவை. ஹந்தானையின் இயந்திரங்களிடம் இதற்குப் பதில் இல்லை.

இதைச் சொல்வதால் பாரதெக்கவுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட முடியாது. லயத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு மிஞ்சுவது இரக்கம். ஏழைகள் பாவம், இப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வாழ்க்கையை இப்படி ஆக்கியது எது என்று விளங்க இயந்திரம் வேண்டும். பறித்த கொழுந்து காத்திருக்காது. மடுவத்தில் நிறுத்ததும் ஸ்டோரின் மேல்மாடியில் வாட்டப் போட வேண்டும், வாடியதும் உருளைக்குள் போக வேண்டும். அதனால்தான் விடியுமுன் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு, அதனால்தான் ஸ்டோருக்கு எட்டும் தூரத்தில் லயம். உருளையின் மணிக்கூடுதான் பெண்களின் அடுப்பை மூட்டியது. அந்த உறவை இரண்டு இடங்களில் எதிலுமே முழுதாகப் பார்க்க முடியவில்லை.

ஒரே இடத்தில் இரண்டையும் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மெரிமாக் ஆற்றங்கரையில் லோவெல் என்று ஒரு பழைய பஞ்சாலை நகரம். 1978இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். பூட் ஆலையில் தறிகளை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். காதடைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், அதே வளாகத்தில் அந்தத் தறிகளில் வேலை செய்த பெண்கள் தங்கிய விடுதி. சுற்றுலாப் பயணிகளிடம் துயரத்தைக் காட்டினால் வரமாட்டார்கள் என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. லோவெலுக்கு அதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள்.

என் தீர்ப்பு இது. ஒரு நாள் முழுதும் இருந்தால், காலையில் ஹந்தானைக்குப் போய் உருளையைப் பாருங்கள். பிறகு பேராதனை வழியாக மகாவலியை ஒட்டிக் கம்பளைக்கு இறங்கி, பாரதெக்கவுக்குப் போங்கள். இந்த வரிசையில் பார்த்தால்தான் லயம் விளங்கும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பாரதெக்க. இயந்திரத்தை இன்னும் ஓடுகிற எத்தனையோ தோட்டத்து ஸ்டோர்களில் பார்த்துக்கொள்ளலாம். ஹந்தானை நல்ல இயந்திரசாலை. தேயிலையின் வரலாறு என்று அதை ஏற்க என்னால் முடியாது.

டெய்லர் 1892இல் லூல்கந்துரவில் இறந்தார். ஆள் பருத்தவர். பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம், தோள் மாற்றி மாற்றி, அவரை மலையிலிருந்து கண்டி வரை சுமந்து வந்ததாக வரலாறு சொல்கிறது. மஹையாவையில் புதைத்தார்கள். வத்தேகமக் கோச்சி அந்த வழியாகத்தான் போகிறது. கல்லறையில் டெய்லரின் பெயர் இருக்கிறது. ஹந்தானையில் அவருடைய பொருட்களுக்குப் பக்கத்தில் அந்த இருபத்துநான்கு பேருக்கும் ஒரு பலகை வேண்டும். பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், அதையே அந்தப் பலகையில் எழுதட்டும்.