யாருடைய சட்டை?

திருவண்ணாமலையில் என் நண்பர் ஒருவர் பழைய பட்டாள உடுப்புகளைச் சேர்க்கிறார். ஒவ்வொன்றின் முதல் சொந்தக்காரரையும் தேடிப்பிடிப்பதில் அவருக்கு ஒரு வெறி. போன மாதம் ஒரு கோட்டின் உள்பையைத் திருப்பிக் காட்டினார். தையற்கடைத் துணிச்சீட்டு, அதில் மையால் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர். "படைப் பட்டியல்ல பாத்தாப் போதும் தோழர், ஆள் சிக்கிடுவார்" என்றார். பக்கத்தில் கிடந்த சிப்பாய்ச் சட்டையைப் பற்றிக் கேட்டேன். "அதுல என்ன இருக்கு? அளவு, வருஷம், அம்புக்குறி முத்திரை. அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதிகாரி தன் காசில் தைத்துக்கொண்டவர், சட்டை அவருடையது. சிப்பாய் போட்டிருந்தது சர்க்கார் சொத்து. அம்புக்குறி சொல்வது அதைத்தான். ஆக, 'முதல் சொந்தக்காரர் யார்?' என்ற கேள்வியே மேலே இருந்தவனுக்கு மட்டும் பதில் வைத்திருக்கும் கேள்வி. சேகரிப்பவர் தனக்குத் தெரியாமலே பழைய படிநிலையைத் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் வேலூர். உடுப்பே கலகமாக வெடித்த ஊர். 1805 நவம்பரில் சென்னைப் படைக்கு வந்த உத்தரவு: தோல் இலச்சினை வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும், நெற்றிக்குறி, காதணி, தாடி கூடாது. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் திரும்பின. மத உணர்வு புண்பட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மதமும் இருந்தது, திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. ஆனால் தன் உடம்பு யாருடையது என்று சிப்பாய் கேட்ட கேள்வியாக அதை ஏன் வாசிக்கக் கூடாது? திருப்பியழைக்கப்பட்ட கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள். கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள்.

நூறு வருஷம் கழித்தும் அதே கதைதான். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில், முதல் உலகப்போருக்கு இங்கிருந்து போனவர்கள் 277, செத்தவர்கள் 14. பெயர்கள் இல்லை. அந்தப் போரின் பதக்கத்தில், விளிம்பில் பெயர் பொறித்தார்கள், உண்மை. அதிலும் சிப்பாய்க்கு வெள்ளி, கூலிப்படைக்காரனுக்கு வெண்கலம்.

அப்படியானால் சேகரிப்பே வேண்டாமா? வேண்டும். ஆனால் சட்டையிலிருந்து ஆளைத் தேடுவதைவிட, ஊரிலிருந்து சட்டைக்கு வர வேண்டும். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போன ஊர். அப்படிப்பட்ட ஊர்களில் பென்ஷன் புத்தகமும் கிழவிகளின் ஞாபகமும் எந்தப் படைப் பட்டியலுக்கும் குறைந்த ஆவணமல்ல.

நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "அந்தச் சிப்பாய்ச் சட்டையை உங்களுக்கு வித்தவர்கிட்ட, எந்த வீட்டுலேர்ந்து வந்ததுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லையாம்.